ரெஸ்ட்: ஓய்வா, மீதியா, ஆதாரமா?

அறுபது வயதைக் கடந்தவர்கள் நாள்தோறும் ஒருமுறையேனும் கேட்கும் சொல் ஒன்று உண்டு. மருத்துவர் மருந்துச்சீட்டைக் கையில் கொடுக்கும்போது சொல்வதும் அதுவே. மகன் அலுவலகத்துக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போவதும் அதுவே. அடுக்களைப் பக்கம் எட்டிப் பார்த்தால் மருமகள் பரிவோடு சொல்வதும் அதுவே. ‘நீங்கள் போய் நன்றாக ரெஸ்ட் எடுங்கள்.’

ஆங்கிலச் சொல் என்ற நினைவே இன்றி நம் வீட்டுச் சொல்லாகிவிட்ட இந்த ‘ரெஸ்ட்’ என்பதைப் பற்றி இவ்வாரம் சற்றுச் சிந்திக்கலாம் என்று தோன்றியது. ஓர் ஆங்கிலச் சொல்லை ஆராய்வதற்கும் ஆன்மிகப் பத்திரிகைக்கும் என்ன தொடர்பு என்று வாசக அன்பர்கள் வினவலாம். அந்தத் தொடர்பு திருவரங்கத்தில் இருக்கிறது. அங்கே சென்று சேர்வதற்கு முன் அகராதியைச் சிறிது புரட்டுவோம்.

ரெஸ்ட் என்றால் ஓய்வு. உறக்கத்தையும் அச்சொல் குறிக்கும். நாற்காலியில் கையைத் தாங்கும் பகுதி ‘ஆர்ம் ரெஸ்ட்’. வாகன இருக்கையில் தலையைச் சாய்க்கும் பகுதி ‘ஹெட் ரெஸ்ட்’. பயணத்தில் தங்கும் விடுதி ‘ரெஸ்ட் ஹவுஸ்’. மேலைநாட்டு இசைக் குறிப்பில் ஒலி எழுப்பாமல் விடவேண்டிய இடத்துக்கும் ‘ரெஸ்ட்’ என்றே பெயர். வழக்கறிஞர் தம் தரப்பு வாதத்தை முடித்துக்கொண்டு அமர்வதை ஆங்கிலத்தில் சொல்லும்போதும் இச்சொல்தான் வரும். இவை எல்லாவற்றுக்கும் அப்பால் வேறொரு பொருளும் உண்டு. கடைக்காரரிடம் அறுபது ரூபாயைக் கொடுத்துவிட்டு, ‘ரெஸ்டை நாளைக்குத் தருகிறேன்’ என்கிறோம் அல்லவா? அந்த ‘ரெஸ்ட்’ ஓய்வு ஆகாது, அது மீதி.

ஓய்வுக்கும் மீதிக்கும் ஒரே பெயர் எப்படி வந்தது? உண்மையில் இவை இரண்டு வெவ்வேறு சொற்கள். ஓய்வைக் குறிக்கும் சொல் பழைய ஆங்கிலத்துக்கே உரியது. ஜெர்மன் மொழியில் ‘ராஸ்ட்’ என்று அதன் உறவுச் சொல் இன்றும் வழங்குகிறது. மீதியைக் குறிக்கும் சொல்லோ லத்தீனில் பிறந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ‘பின்னால் நிற்பது’ என்பது அதன் வேர்ப்பொருள். எல்லாரும் போன பிறகும் நிற்பது எதுவோ அதுவே மீதி. தூரத்து ஊர்களிலிருந்து வந்த இருவர் ஒரே பெயருடன் ஒரே தெருவில் குடியேறினாற்போல, இவ்விரண்டும் ஆங்கிலத்தில் ஒன்றாகிவிட்டன.

ஆக, ஓய்வு, மீதி, தாங்கும் ஆதாரம் என்னும் மூன்று பொருள்களை இச்சொல்லிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பள்ளி கொள்ளுதல்

ஓய்வைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல், படுக்கைக்கும் பெயராக இருந்திருக்கிறது. நம் மொழியில் ‘பள்ளி’ என்னும் சொல்லுக்கும் படுக்கை, உறங்கும் இடம் என்ற பொருள்கள் உண்டு. பெருமாள் பள்ளி கொள்கிறார். ஆலயத்தில் பள்ளியறை இருக்கிறது. விடியலில் திருப்பள்ளியெழுச்சி பாடுகிறோம். வைணவத்தில் தொண்டரடிப்பொடியாழ்வாரும் சைவத்தில் மாணிக்கவாசகரும் திருப்பள்ளியெழுச்சி அருளியிருக்கிறார்கள். மறைந்த மன்னர்க்கும் அரச குடும்பத்தார்க்கும் நினைவாக எழுப்பிய கோயிலைப் ‘பள்ளிப்படை’ என்றனர் சோழர் காலத்தவர். பழையாறைப் பகுதியில் முதலாம் இராசேந்திரன், தன் சிற்றன்னை பஞ்சவன்மாதேவிக்காக எழுப்பிய பள்ளிப்படைக் கோயில் இன்றும் இருக்கிறது.

மரணத்தையும் ஓய்வாகக் காணும் வழக்கம் ஆங்கிலத்திலும் உண்டு. ‘ஆர்.ஐ.பி.’ என்று மூன்றெழுத்தில் இப்போது எல்லாரும் கைப்பேசியில் இரங்கல் தெரிவிக்கிறார்களே, அது ‘அமைதியில் இளைப்பாறுவாராக’ என்ற லத்தீன் வேண்டுதலிலிருந்து வந்தது. கல்லறையில் துயின்று உயிர்த்தெழும் நாளுக்காகக் காத்திருத்தல் என்பது கிறிஸ்தவ சமயத்தாரின் நம்பிக்கை. அவர்களுக்கு அச்சொல் முற்றிலும் பொருத்தமானது. நம் மரபில் ஆன்மாவின் பயணம் அத்துடன் நிற்பதில்லை. ஆகவேதான் ‘நற்கதி அடைக’ என்றும் ‘பரமபதம் எய்தினார்’ என்றும் ‘சிவபதம் அடைந்தார்’ என்றும் நம் பெரியோர் சொல்லி வந்தனர். இவற்றில் ஓய்வைக் காட்டிலும் சென்று சேர்தலே முதன்மை பெறுகிறது.

சரி, இறைவன் கொள்ளும் ஓய்வு எத்தகையது? திருப்பாற்கடலில் அவன் கொள்வது யோக நித்திரை. தமிழில் அதற்கு ‘அறிதுயில்’ என்று அருமையான பெயர் இட்டிருக்கிறார்கள். கண்கள் மூடியிருக்கும், அறிவு விழித்திருக்கும். அனைத்தையும் அறிந்தவாறே துயில்வது அது.

கும்பகோணத்தில் சாரங்கபாணிப் பெருமாளைச் சேவித்தவர்கள் இதை நேரில் உணர்ந்திருப்பார்கள். நடந்த களைப்பினால் இப்படிக் கிடக்கிறாயோ என்று திருமழிசையாழ்வார் கேட்க, பெருமாள் சற்றே எழுந்திருக்க முற்பட்டார் என்பது வரலாறு. அந்த நிலையை ‘உத்தான சயனம்’ என்பர். காஞ்சிபுரத்தில் திருவெஃகாவில் நடந்தது இன்னும் வியப்பானது. சீடர் கணிகண்ணனை மன்னன் ஊரை விட்டு வெளியேற்ற, ஆழ்வாரும் உடன் புறப்பட்டார். அவர் சொற்படி பெருமாளும் பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு பின்னே நடந்தார். மூவரும் ஓர் இரவு தங்கிய இடமே ‘ஓரிக்கை’ எனப்படுகிறது. மன்னன் மனம் மாறி வேண்ட, ஆழ்வார் சொன்னதும் பெருமாள் திரும்பி வந்து மீண்டும் பள்ளி கொண்டார். ‘சொன்னவண்ணம் செய்த பெருமாள்’ என்ற திருநாமம் அதனால் வந்தது.

சைவ அன்பர்களுக்குச் சுருட்டப்பள்ளி தெரிந்திருக்கும். ஊத்துக்கோட்டைக்கு அருகில், ஆந்திர எல்லைக்குள் இருக்கும் திருத்தலம். லிங்க வடிவிலேயே நாம் பெரும்பாலும் வழிபடும் சிவபெருமான், ஆலகால விஷத்தை உண்ட பின் அம்பிகையின் மடியில் தலை சாய்த்துப் பள்ளி கொண்டிருக்கும் கோலம் அங்கே உள்ளது. உலகுக்காக நஞ்சுண்டவர் இளைப்பாறும் இடத்தில் நின்றால், உழைத்து ஓய்ந்தவர்கள் தலை சாய்ப்பதில் தாழ்வு ஏதும் இல்லை என்பது புரியும்.

ஆகவே, ஓய்வைப் பழிப்பது என் நோக்கம் அன்று. மருத்துவர் படுக்கச் சொன்னால் படுக்கத்தான் வேண்டும். ஆனால் உடல் சாயும்போது உள்ளமும் அணைந்துவிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பிற்பகலில் கட்டிலில் சாய்ந்தபடி, மனத்துக்குள் ஒரு திருநாமத்தை உருட்டிக்கொண்டிருக்கும் முதியவரின் ஓய்வில் அறிதுயிலின் சாயல் இருக்கிறது.

எஞ்சி நிற்பது

அடுத்து, மீதி என்ற பொருள். நம்மில் பலருக்கு உள்ளூர வலிக்கும் இடம் இதுதான்.

எங்கள் குடியிருப்பில் எண்பது வயதைத் தாண்டிய அம்மையார் ஒருவர் இருக்கிறார். கணவர் மறைந்துவிட்டார், உடன்பிறந்தோரும் ஒருவர் பின் ஒருவராகப் போய்விட்டனர். முழங்கால் சிகிச்சைக்குப் பிறகு அவர் அடுக்களைக்குள் வருவதைப் பிள்ளைகள் தடுத்துவிட்டார்கள். அன்பினால் செய்ததுதான், குறை சொல்ல முடியாது. ஒருநாள் மாலை பூங்காவில் உட்கார்ந்திருந்தபோது அவர் என்னிடம் சொன்னார்: “எல்லாரும் ரெஸ்ட் எடு, ரெஸ்ட் எடுன்னு சொல்றாங்க சார். எனக்கென்னவோ, எல்லாம் பரிமாறி முடிச்சப்புறம் பாத்திரத்துல தங்கிப்போன மிச்சம் மாதிரி இருக்கு.”

அவருக்கு அப்போது என்ன விடை சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. வீடு திரும்பிப் பலநாள் யோசித்ததன் பயனே இக்கட்டுரை என்று சொல்லலாம்.

‘மிச்சம்’ என்பதற்கு வடமொழியில் என்ன பெயர்? சேஷம். எஞ்சி நிற்றல் என்னும் பொருளுடைய ‘சிஷ்’ என்ற வேரிலிருந்து பிறந்தது அது. பிரளயத்தில் உலகங்கள் யாவும் ஒடுங்கிய பின்னும் எஞ்சியிருப்பவன் ஆதலால் ஆதிசேஷனுக்கு அப்பெயர். அனைத்தும் அழிந்த பின் தனித்து நிற்கும் அந்த ‘மீதி’யின் மேல்தான் பெருமாள் திருக்கண் வளர்கிறார்!

அன்பர்கள் இதைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஆங்கிலத்தில் தற்செயலாக ஒரே ஒலியைப் பெற்றுவிட்ட ஓய்வும் மீதியும், திருவரங்கத்துக் கருவறையில் தற்செயல் இன்றி ஒன்றாகவே காட்சி தருகின்றன. மேலே இருப்பது ஓய்வு. கீழே இருப்பது மீதி. எஞ்சியவன் என்ற பெயருடையவனையே இறைவன் தன் பஞ்சணையாகத் தேர்ந்துகொண்டான்.

வங்கியில் பல்லாண்டுகள் பணியாற்றியவன் என்பதால் எனக்கு இதைப் பேரேட்டின் மொழியில் நினைத்துப் பார்க்கவே எளிதாக இருக்கிறது. கணினி வருவதற்கு முன் பேரேடுகளைக் கையால் எழுதினோம். பக்கம் நிறைந்ததும் கடைசி வரியில் இருப்பை எழுதி, அதே தொகையை அடுத்த பக்கத்தின் முதல் வரியில் மீண்டும் எழுதுவோம். மார்ச் 31 அன்று ஆண்டுக் கணக்கை முடிக்கும்போது வரவுகளும் செலவுகளும் நேர் செய்யப்பட்டு, அந்தக் கணக்குகள் எல்லாம் சுழியாகிவிடும். ஆனால் வாடிக்கையாளரின் வைப்புத்தொகை சுழியாவதில்லை. ஏப்ரல் 1 அன்று அதுவே தொடக்க இருப்பு. பழைய பக்கத்தில் ‘மீதி’ என்று எழுதப்பட்ட தொகை, புதிய பக்கத்தில் ‘முதல்’ ஆகிறது. ஒரு கற்பம் முடிந்து மறு கற்பம் தொடங்கும்போது எஞ்சி நிற்கும் சேஷனும் அப்படித்தான். அவன் பெயரின் முன்னே ‘ஆதி’ என்ற சொல்லும் அமைந்திருப்பது எவ்வளவு பொருத்தம்!

எல்லா மீதியும் நல்லது என்றும் சொல்லிவிட முடியாது. கடனிலும் நெருப்பிலும் பகையிலும் சேஷம் வைக்கக் கூடாது என்பது மூத்தோர் அறிவுரை. கடன் வசூலிக்க அலைந்தவர்களுக்கு அதன் உண்மை நன்றாகவே தெரியும். பழைய பகையை முதுமைவரை சேர்த்து வைத்திருப்பவர்கள், அதை முடித்துக் கணக்கை மூடிவிடுவது மிகவும் நல்லது.

மீதி எப்போது புனிதமாகிறது? இதற்கு நம் வீட்டு அடுக்களையிலேயே விடை இருக்கிறது. நாம் உண்டு மிஞ்சியது எச்சில். இறைவனுக்கு முதலில் நிவேதனம் செய்து எஞ்சியது பிரசாதம். அரிசி ஒன்றுதான், பாத்திரம் ஒன்றுதான். முதலில் யாருக்கு அளித்தோம் என்பதில்தான் வேறுபாடு. வேள்வியில் எஞ்சியதை உண்ணும் நல்லோர் பாவங்களினின்று விடுபடுகிறார்கள் என்று கீதையின் மூன்றாம் அத்தியாயத்தில் கண்ணன் சொல்வதும் இந்தக் கருத்தையே.

இதை வயதுக்கும் பொருத்திப் பார்க்கலாம். குடும்பத்துக்கு அளித்தது போக, அலுவலகத்துக்கு அளித்தது போக, நம்மிடம் எஞ்சியுள்ள ஆண்டுகள் எத்தனை என்று நமக்குத் தெரியாது. எத்தனையானால் என்ன? ஒவ்வொரு நாளின் முதற்பொழுதையும் அவனுக்கு நிவேதித்துவிட்டால், அந்நாளில் எஞ்சிய பொழுதெல்லாம் பிரசாதமே. ஈசாவாஸ்ய உபநிஷதத்தின் சாந்தி மந்திரத்தை நம்மில் பலரும் நாள்தோறும் ஓதுகிறோம். பூரணத்திலிருந்து பூரணத்தை எடுத்தாலும் பூரணமே எஞ்சுகிறது என்பது அதன் கருத்து. அங்கே ‘எஞ்சுகிறது’ என்பதற்கு வரும் வடசொல்லும் சேஷனின் பெயருக்கு வேரான அதே ‘சிஷ்’ என்பதிலிருந்து வந்ததுதான். எடுத்தாலும் குறையாத இருப்பை எந்த வங்கியிலும் நான் கண்டதில்லை. உபநிஷதத்தில் மட்டுமே கண்டேன்.

தாங்கி நிற்பது

மூன்றாவது பொருள், ஒன்றைத் தாங்கும் ஆதாரம். கையைத் தாங்குவது ‘ஆர்ம் ரெஸ்ட்’ என்று பார்த்தோம். பழைய ஜெர்மானிய மொழிகளில் இச்சொல்லின் உறவுச் சொற்கள் ஒரு தூர அளவையும் குறித்தன. ஓர் இளைப்பாறலுக்கும் அடுத்த இளைப்பாறலுக்கும் இடையே நடக்கும் தொலைவு என்ற கருத்திலிருந்து அது வந்திருக்க வேண்டும் என்பர்.

நடைப்பயணமே வழக்கமாயிருந்த காலத்தில் நம் நாட்டுச் சாலைகளிலும் அத்தகைய இடங்கள் இருந்தன. நம் வயதினர் பலர் சிறுவயதில் ‘சுமைதாங்கி’யைப் பார்த்திருப்பீர்கள். நட்டுவைத்த இரண்டு கற்கள். அவற்றின் மேல் குறுக்கே ஒரு பலகைக்கல். தலைச்சுமையோடு வருபவர் பிறர் உதவியின்றித் தாமே சுமையை இறக்கி வைக்கவும், இளைப்பாறிய பின் தாமே மீண்டும் ஏற்றிக்கொள்ளவும் ஏற்ற உயரத்தில் அது இருக்கும். கருவுற்ற நிலையில் இறந்துபோன பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கிக் கல் நடும் வழக்கம் தமிழகத்தில் பரவலாக இருந்தது. சுமையோடு போன அவளுக்காக, மற்றவர் சுமையை இறக்கி வைக்க ஓர் இடம் செய்து கொடுத்தார்கள். துயரத்தைத் தருமமாக மாற்றத் தெரிந்தவர்கள் நம் முன்னோர்.

அந்தக் கல் எங்கும் நடப்பதில்லை. எதையும் சுமந்து செல்வதில்லை. இருந்த இடத்தில் இருப்பதே அதன் தொண்டு. முதியவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி இது. பள்ளியிலிருந்து வாடி வரும் பேரன் தன் மனக்குறையைச் சொல்ல ஒரு மடி வேண்டும். அலுவலகத்தில் அவமானப்பட்டு வரும் மகள் எதுவும் பேசாமல் உட்கார்ந்திருக்க ஒரு திண்ணை வேண்டும். ஓடிக்கொண்டிருப்பவர்களால் அதைத் தர முடியாது. அமர்ந்திருப்பவரால்தான் முடியும்.

ஆதிசேஷன் செய்யும் தொண்டும் இதுவே. குடையாகவும் ஆசனமாகவும் பாதுகையாகவும் விளக்காகவும் அணையாகவும் அவன் திருமாலுக்குப் பயன்படுவதைப் பொய்கையாழ்வார் முதல் திருவந்தாதியில் அடுக்கிச் சொல்கிறார். ஸ்ரீராமாநுஜர் வேதார்த்த சங்கிரகத்தில் ‘சேஷன்’ என்பதற்கே இலக்கணம் வகுத்தார். தனக்கென்று இன்றி, மற்றொருவரின் மேன்மைக்குப் பயன்படுவதையே இயல்பாகக் கொண்டவன் சேஷன். அவனை உடையவன் சேஷி. நாம் எல்லாரும் சேஷர்கள், எம்பெருமான் ஒருவனே சேஷி என்பது வைணவ சித்தாந்தத்தின் உயிர்நாடி.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இன்னொன்றும் நினைவுக்கு வரும். சேஷத்துக்கு நேரான தமிழ்ச்சொல் ‘எச்சம்’. ‘வந்த’ என்று நிறுத்தினால் அது பெயரெச்சம். ‘வந்து’ என்று நிறுத்தினால் வினையெச்சம். தனியே நின்றால் அவற்றின் பொருள் முடிவதில்லை. வேறொரு சொல்லைப் பற்றிக்கொண்டால்தான் நிறைவு பெறும். உயிரும் அப்படிப்பட்ட ஓர் எச்சம்தான். இறைவன் என்னும் சொல்லைச் சேர்ந்த பிறகே அதன் வாக்கியம் முற்றுப்பெறுகிறது. ஒருவர் தக்கவரா அல்லரா என்பதை அவர் விட்டுச் செல்லும் எச்சத்தைக் கொண்டே அறியலாம் என்று வள்ளுவரும் நடுவுநிலைமை அதிகாரத்தில் சொல்லியிருக்கிறார்.

இசையில் வரும் ‘ரெஸ்ட்’ பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். நம் ஆதி தாளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு அட்சரம். இறுதியில் வரும் இரண்டு திருதங்களிலும் ஒரு தட்டும் ஒரு வீச்சும் உண்டு. வீச்சில் கை ஓசை எழுப்புவதில்லை. வெறுமனே புரண்டு போகிறது. ஓசை இல்லையே என்று அதை எண்ணாமல் விட்டால் தாளமே குலைந்துவிடும். குடும்பத்தில் ஓசையின்றி ஒரு மூலையில் அமர்ந்திருக்கும் முதியவரும் கணக்கில் உண்டு என்பதை இளையவர்கள் மறக்கலாகாது.

பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். பெற்றோரை ரெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள். ஆனால் அவர்கள் கையிலிருக்கும் எல்லா வேலைகளையும் பிடுங்கிவிடாதீர்கள். சுவாமி விளக்குக்குத் திரி திரிப்பது, உதிரிப்பூவைத் தொடுப்பது, பேரக் குழந்தைக்கு ஒரு சுலோகம் சொல்லித் தருவது என உட்கார்ந்த இடத்திலேயே செய்யக்கூடிய கைங்கரியங்கள் எத்தனையோ உண்டு. நான் முன்பு குறிப்பிட்ட அம்மையார் இப்போது அடுத்த தெருக் கோயிலுக்கு நாள்தோறும் துளசி மாலை தொடுத்து அனுப்புகிறார். துளசியை வாங்கி வந்து தருபவர் அவருடைய மகன்தான். கால்களுக்கு ஓய்வும் கைகளுக்குத் தொண்டும் ஒருங்கே கிடைத்திருக்கின்றன.

சிதம்பரத்தில் ஓரிடத்தில் நின்றபடியே ஆடும் நடராஜரையும் பள்ளிகொண்ட கோவிந்தராஜரையும் தரிசிக்கலாம். ஆட்டமும் ஓய்வும் அருகருகே இருக்கும் அந்தச் சந்நிதியில் நிற்கும்போது, நாம் ஆடிய காலம் பெரிதா, அமர்ந்த காலம் பெரிதா என்ற கேள்விக்கே இடமில்லை. இரண்டும் அவனுடையவை.

பெருமாள் சந்நிதியில் முதலில் திருவடியைச் சேவித்து, பிறகு மெல்ல மெல்லத் திருமுகம் நோக்கிக் கண்களை உயர்த்த வேண்டும் என்று பெரியோர் நமக்குக் கற்பித்திருக்கிறார்கள். அடுத்த முறை திருவரங்கத்துக்கோ, அருகிலுள்ள சயனத் திருக்கோலத் தலம் ஒன்றுக்கோ செல்லும் அன்பர்கள், திருவடியும் திருமுகமும் சேவித்த பின், ஒரு கணம் பார்வையைக் கீழே இறக்கிச் சேஷனையும் சேவித்து வாருங்கள். அவனுக்குத் தனியாக அர்ச்சனை எதுவும் நடப்பதைக் காண மாட்டீர்கள். எல்லாம் போன பின்னும் எஞ்சியவன் அவன். எல்லாம் தாங்குபவனைத் தாங்கிக்கொண்டு, அசையாமல் கிடக்கிறான்.